மருந்து கேட்கும் வரை: சொரியாசிஸ் மூட்டுவலியும் காத்திருக்கும் மாதங்களும்

என் அண்ணி மேற்கு மாம்பலத்தில் வசிக்கிறார். சென்ற ஆடி மாதம் அவருடைய வலக்கை மோதிர விரல் ஒரே வாரத்தில் அடியிலிருந்து நுனி வரை வீங்கிப்போய், நகைக்கடைக்குச் சென்று மோதிரத்தை அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. யூரிக் ஆசிட் என்று ஒருவரும் சுளுக்கு என்று இன்னொருவரும் சொன்ன பிறகு, மூன்றாவதாகப் பார்த்த மூட்டுவாத நிபுணர் விரலைவிட அதிக நேரம் நகங்களைத்தான் பார்த்தார். நகத்தின் மேல் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள் இருந்தன. பிறகு தலைமுடியை விலக்கிப் பார்த்து, எட்டு ஆண்டுகளாக அண்ணி பொடுகு என்று நினைத்துக்கொண்டிருந்தது சொரியாசிஸ் என்றும், இப்போது வந்திருப்பது அதனோடு சேர்ந்து வரும் மூட்டுவாதம் என்றும் சொன்னார். வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்து, பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும் என்றார். பத்தொன்பதாவது நாள் அண்ணி எனக்குத் தொலைபேசியில் பேசியபோது கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "இந்த மருந்து எனக்குக் கேக்கவே இல்லை தம்பி. நிறுத்திடட்டுமா?"

நான் மருத்துவர் இல்லை. உடல்நலம் பற்றிப் படிப்பதும் எழுதுவதும் என் வேலை. அண்ணிக்கு அன்று சொன்ன பதிலையும், அதன்பின் அவரோடு மருத்துவமனை வரிசைகளில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்துகொண்டவற்றையும், இதே நிலையில் இருக்கும் பிறருக்காக இங்கே விரித்து எழுதுகிறேன்.

சொரியாசிஸைத் தமிழில் காளாஞ்சகப்படை என்பார்கள். அது தொற்றுநோய் அன்று. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் தேவையில்லாமல் தூண்டப்பட்டு, தோலின் செல்களை வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் பெருகச் செய்வதால் செதில் செதிலாகத் தோல் உதிர்கிறது. இதே தூண்டுதல் மூட்டுகளைச் சூழ்ந்த சவ்விலும், தசைநாண்கள் எலும்போடு ஒட்டும் இடங்களிலும் நடக்கும்போது அது மூட்டுவாதமாகிறது. உலக அளவிலான ஆய்வுகளைப் பார்த்தால், சொரியாசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மூட்டுப் பாதிப்பும் இருக்கிறது. பெரும்பாலானோருக்குத் தோல் முதலில், மூட்டு பல ஆண்டுகள் கழித்து. சிலருக்கு மட்டும் வரிசை மாறும். தோலில் கொஞ்சமே இருப்பதால் மூட்டிலும் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போடக்கூடாது.

தசைநாண் எலும்போடு ஒட்டும் இடம் என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த நோயின் தனித்தன்மை அங்கேதான் இருக்கிறது. குதிகாலின் பின்புறம், பாதத்தின் அடிப்பகுதி, முழங்காலைச் சுற்றிய இடங்கள், முழங்கையின் வெளிப்புறம் ஆகியவை அப்படிப்பட்டவை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி ஏறியதுபோல் வலிப்பது பலருக்கு இதனால்தான். விரல் முழுவதுமாக வீங்குவது இன்னொரு அடையாளம். முதுகெலும்பும் இடுப்பும் பாதிக்கப்பட்டால், ஓய்வெடுத்தால் கூடி, நடந்தால் குறையும் விநோதமான முதுகுவலி வரும். முடக்குவாதம் என்ற வேறொரு மூட்டு நோயைக் காட்டிக்கொடுக்கும் ஆர்ஏ ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை இந்த நோயில் பெரும்பாலும் நெகட்டிவ் என்றே வரும்; உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி போன்ற ரத்தப் பரிசோதனைகள்கூட பலருக்கு இயல்பான அளவிலேயே இருக்கும். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உனக்கு என்ன வலி?" என்று வீட்டில் கேட்பவர்களுக்கு இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டலாம்.

மருந்து ஏன் இவ்வளவு மெதுவாக வேலை செய்கிறது?

தலைவலிக்கு மாத்திரை போட்டால் அரை மணி நேரத்தில் குறைய வேண்டும் என்பதே நம் எல்லோருடைய அனுபவம். அந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்தால்தான் பத்தொன்பதாவது நாளில் மனம் உடைகிறது. இந்த நோயில் கொடுக்கப்படும் மருந்துகள் இரண்டு வகைப்படும். ஒன்று வலியைக் குறைக்கும். சில மணி நேரத்தில் வேலை செய்து, சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மற்றொன்று நோயின் போக்கையே மாற்ற முயல்வது. அண்ணிக்கு எழுதிக்கொடுத்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரை இரண்டாவது வகை. அதன் பலன் பொதுவாக 6 முதல் 12 வாரங்களில் தெரியத் தொடங்கும். முழுப் பலனுக்கு அதற்கு மேலும் ஆகலாம். சல்ஃபாசலசின், லெஃப்லுனோமைடு ஆகியவற்றுக்கும் ஏறத்தாழ அதே கணக்குதான். அடாலிமுமாப், செகுகினுமாப் போன்ற, உயிருள்ள செல்களைக் கொண்டு தயாரிக்கப்படும் உயிரிமருந்து ஊசிகளில் சிலருக்கு ஓரிரு வாரங்களிலேயே வித்தியாசம் தெரியும் என்றாலும், அவற்றின் முழுப் பலனைத் தீர்மானிக்கவும் 3 முதல் 6 மாதங்கள் வரை பார்ப்பது வழக்கம்.

மெத்தோட்ரெக்சேட்டை எடுத்துக்கொண்டால், ரத்தத்தில் அது ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. ஆனால் செல்களுக்குள் புகுந்த பங்கு அங்கே வேறு வடிவம் பெற்று, ஒவ்வொரு வாரமும் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போகிறது. அது போதிய அளவை எட்டுவதற்குத்தான் வாரங்கள் பிடிக்கின்றன. போதாக்குறைக்கு, கல்லீரலும் வயிறும் தாங்குகின்றனவா என்று பார்ப்பதற்காக மருத்துவர்கள் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். ஆகவே முதல் மாதத்தில் சாப்பிடுவது பலரிடம் முழு அளவே அன்று. தூண்டுதல் அடங்கத் தொடங்கிய பிறகும் வீங்கிய திசு வற்ற வேண்டும், பல மாதங்களாக அசைக்காத தசை மீண்டும் வலுப்பெற வேண்டும், வலியைக் கடத்திக் கடத்திக் கூர்மையாகிவிட்ட நரம்புகள் தணிய வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் வெகு நேரம் சுடுவதைப் போன்றது இது.

சென்னைக்காரர்களுக்கு இந்த மாத்திரையோடு ஓர் உறவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஆய்வுக்குழுவுக்குத் தலைமை வகித்தபோதுதான் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. ஃபோலிக் ஆசிட்டின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும் அங்கே உருவானவைதாம். அவர் 1948-இல் காலமானார். அமினோப்டெரின் மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் பயன் தருவதை மருத்துவர்கள் 1951-இல் வெளியிட்டார்கள். இன்று மருந்துச் சீட்டில் மெத்தோட்ரெக்சேட்டும், அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட்டும் அடுத்தடுத்த வரிகளில் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

ஆக, அண்ணிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: இரண்டு கணக்குகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். நோயின் கணக்கை மாதத்தில் பார்க்க வேண்டும். வலியின் கணக்கை அன்றாடம் பார்க்க வேண்டும். இன்றைய வலியை வைத்து மெத்தோட்ரெக்சேட்டை எடைபோடக்கூடாது. அதேபோல, மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறோமே என்பதற்காக இன்றைய வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளவும் தேவையில்லை. வலிக்கென்று செய்யக்கூடியவை வேறு இருக்கின்றன.

வலி மாத்திரைகள்

காத்திருக்கும் காலத்துக்குப் பாலமாக மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் தருவது நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளில் ஒன்று. இவை வலியையும் விறைப்பையும் குறைக்கும். மூட்டு சேதமாவதைத் தடுக்காது. ஒன்று போதவில்லை என்று அதே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டாவது மாத்திரையைச் சேர்த்துப் போடுவதால் வலி அதிகம் குறைவதில்லை. வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரும் அபாயம்தான் கூடுகிறது. ரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் அறுபதைத் தாண்டியவர்களும் இவற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பாராசிட்டமால் வயிற்றுக்கு மென்மையானது என்றாலும் அதற்கும் நாளொன்றுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள் கல்லீரலை மனத்தில் வைத்து, தமக்கான அளவு என்ன என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது. மதுவை இந்த மாதங்களில் ஒதுக்கிவைத்துவிடுவதே நேர்மையான ஆலோசனை.

தெருமுனை மருந்துக்கடையில் "ஒரு டோஸ் கட்டிக் கொடுங்க" என்று கேட்டு, காகிதத்தில் மடித்துத் தரப்படும் பெயரில்லா மாத்திரைகளை வாங்கும் பழக்கம் இந்த ஊரில் இன்னும் போகவில்லை. அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருப்பது அரிதன்று. மறுநாளே வலி மாயமாக மறைவதற்கும் அதுவே காரணம். முடக்குவாதம் உள்ள பக்கத்து வீட்டுக்காரருக்கு மருத்துவரே சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை தந்திருப்பார். நமக்கு ஏன் தரவில்லை என்ற கேள்வி எழுவது இயல்பு. சொரியாசிஸ் உள்ளவர்கள் ஸ்டீராய்டு மாத்திரையைச் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தும்போது தோல் நோய் பெரிதாகக் கிளம்பலாம், சிலருக்குச் சீழ்க் கொப்புளங்களாகவே வெடிக்கலாம் என்பதால்தான் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். ஒரு மூட்டு மட்டும் மிகவும் வீங்கியிருந்தால், அந்த மூட்டுக்குள் நேராக ஸ்டீராய்டு ஊசி போடுவது வேறு விஷயம். அது தேர்ந்த கைகளில் நல்ல பாலம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டிய மருந்து. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அண்ணி மாத்திரை வாங்கிய கடையில், பழக்கதோஷத்தில் உறையின் மேல் "0-0-1" என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். தினமும் இரவு ஒன்று என்பதுதான் அதற்கு அர்த்தம். அண்ணனின் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். அன்றே அந்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, மாத்திரை அட்டையின் பின்புறத்தில் "சனி மட்டும்" என்று மார்க்கர் பேனாவால் எழுதினோம். சனிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், மறுநாள் குமட்டலும் அசதியும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை படுத்துக்கொள்ளலாம் என்பதுதான். குமட்டல் தாங்க முடியாவிட்டால் மருந்தைக் கைவிட வேண்டியதில்லை. ஃபோலிக் ஆசிட்டின் அளவை மாற்றுவது, மாத்திரைக்குப் பதில் ஊசியாக எடுத்துக்கொள்வது போன்ற வழிகள் மருத்துவரிடம் உண்டு. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் இந்த மருந்தைச் சாப்பிடக் கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் வழக்கமாகத் தரப்படும் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் ஆபத்து. ஆகையால் எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவராகவே இருந்தாலும், இதைச் சாப்பிடுவதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

காலை நேரம், தரை, குதிகால்

மாத்திரைக்கு வெளியே என்ன செய்யலாம் என்பதில்தான் பெரும்பாலான புத்தகங்கள் அவசரமாகக் கடந்துபோகின்றன. என் பார்வையில், காத்திருக்கும் மாதங்கள் தாங்கக்கூடியவையாக இருப்பதும் இல்லாததும் இதைப் பொறுத்ததே.

காலை விறைப்பே இந்த நோயின் மிகக் கடுமையான நேரம். எழுந்தவுடன் சமையலறைக்கு ஓடாமல், படுத்தபடியே விரல்களை மெல்ல மடக்கி விரிப்பது, கணுக்காலைச் சுழற்றுவது, முழங்காலை மடித்து நீட்டுவது என்று பத்து நிமிடம் செய்துவிட்டு இறங்கினால், முதல் அடியின் வலி குறைகிறது. பிறகு வெதுவெதுப்பான நீரில் குளியல், அல்லது ஒரு பேசினில் வெந்நீர் ஊற்றி அதற்குள்ளேயே கையை வைத்து விரல்களை அசைப்பது உதவும். சித்திரை, வைகாசியில் நம் மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீரே வெந்நீராக வருகிறது. ஹீட்டர் போடத் தேவையில்லை. ஆனால் மிகச் சூடான தண்ணீர் சொரியாசிஸ் தோலை வறளச் செய்யும் என்பதால், குளித்து ஈரம் உலர்வதற்குள் மருத்துவர் சொன்ன களிம்பையோ தேங்காய் எண்ணெயையோ தடவிக்கொள்ள வேண்டும். பொதுவாக, விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம், சூடும் வீக்கமுமாக இருக்கும் மூட்டுக்கு ஐஸ் ஒத்தடம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது நம் வீடுகளின் முதல் வைத்தியம். மெதுவாகத் தடவுவதில் தவறில்லை. வீங்கிய மூட்டை அழுத்திப் பிசைவதும் சொடுக்கு எடுப்பதும் வேண்டாம். சொரியாசிஸுக்கு ஒரு குணம் உண்டு: தோல் உராய்ந்தாலோ காயம்பட்டாலோ அந்த இடத்திலேயே புதிய படை தோன்றக்கூடும். காரமான தைலங்களை வெடித்த தோலில் பூசினால் எரிச்சலோடு அதுவும் சேரும். சித்த மருத்துவத்தை நாடுபவர்களுக்கு வெட்பாலைத் தைலம் நன்றாகத் தெரிந்திருக்கும். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடத்துக்குப் போகிறவர்கள் ஆங்கில மருந்தின் பெயரை அங்கேயும், சித்த மருந்தின் பெயரை இங்கேயும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாய்வழி உட்கொள்ளும் இரண்டு மருந்துகளின் சுமையையும் ஒரே கல்லீரல்தான் தாங்குகிறது. சீட்டோ லேபிளோ இல்லாத பொடிகளைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து இல்லை, அவை வேண்டாம்.

அடுத்தது தரை. நம் வாழ்க்கை தரையோடு பிணைந்தது: தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், காய் நறுக்குகிறோம், வாசலில் குனிந்து கோலம் போடுகிறோம். வலி இருக்கும் மாதங்களில் நாற்காலியும் உயரமான மேசையும் தோல்வியின் அடையாளம் அல்ல. இந்திய முறைக் கழிப்பறை மட்டுமே உள்ள வீடுகளில், அதன் மேல் வைக்கும் நாற்காலி போன்ற ஸ்டாண்டு மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கிறது. மொசைக், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பது குதிகால் வலிக்குப் பரம எதிரி. வீட்டுக்குள் செருப்புப் போடுவதற்கு அண்ணியின் மாமியார் ஒப்பவில்லை. வெளியே போடாத புதிய, மெத்தென்ற எம்சிஆர் செருப்பு ஒரு ஜோடியை "இது மருந்து" என்று சொல்லிப் பூஜை அறைக்கு மட்டும் விலக்கு அளித்து நுழைத்தோம். இரண்டு வாரத்தில் மாமியாரும் ஒரு ஜோடி கேட்டார்.

சமையலறையில் விரல்களை வாட்டுவது எடையைவிடப் பிடிதான். இறுக்கிப் பிடித்துத் திருகும் வேலைகளான குக்கர் மூடி, ஊறுகாய் ஜாடி, துணி பிழிவது, தேங்காய் துருவுவது ஆகியவற்றை முடிந்த மட்டும் பிறரிடம் தள்ளுங்கள், இல்லையென்றால் பிடியைத் தடிமனாக்குங்கள். கரண்டிக் காம்பில் பழைய துணியைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டாலே வித்தியாசம் தெரியும். குடத்தை இடுப்பில் வைப்பதற்குப் பதில் பாதி வாளியை இரண்டு கையாலும் தூக்குவது, பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டிக்கொள்வது, செல்போனில் தட்டச்சு செய்யாமல் தமிழில் பேசியே செய்தி அனுப்புவது என்று ஒவ்வொன்றும் சிறியதுதான். மாநகரப் பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவது வீங்கிய விரலுக்குத் தண்டனை. கூட்டம் குறைந்த நேரத்துக்கு வேலையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று அலுவலகத்தில் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முழு ஓய்வு இந்த நோய்க்கு ஆகாது. அசையாத மூட்டு இன்னும் விறைக்கும், தசை இளைக்கும். அதே சமயம், வலி குறைந்த ஒரு நாளில் பொங்கல் சுத்தம் முழுவதையும் செய்து முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பதும் ஆகாது. பிசியோதெரபிஸ்டுகள் சொல்லும் எளிய அளவுகோல் ஒன்று: ஒரு பயிற்சியோ வேலையோ செய்து முடித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும், செய்வதற்கு முன்பு இருந்ததைவிட வலி கூடுதலாக இருந்தால், அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும். மெரினாவின் தளர்ந்த மணலில் நடப்பதைவிடக் காமராஜர் சாலையை ஒட்டிய சமமான நடைபாதையில் நடப்பது குதிகாலுக்கு நல்லது. வாய்ப்புள்ளவர்களுக்கு நீச்சல் குளத்தில் நடப்பது இன்னும் சுகம்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கத்தரிக்காய், தக்காளி, புளி ஆகியவற்றை நிறுத்தினால் இந்த நோய் அடங்கும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை. உடல் எடை கூடுதலாக இருப்பவர்கள் எடையைக் குறைத்தால் வலி குறைவதோடு மருந்தும் நன்றாகக் கேட்கிறது என்பதற்குச் சான்று உண்டு. புகைப்பிடிப்பவர்கள் நிறுத்த வேண்டும்.

தூக்கமும் மனமும்

வலி தூக்கத்தைக் கெடுக்கும். கெட்ட தூக்கம் மறுநாள் வலியைக் கூட்டும். இந்தச் சுழலை உடைக்க, வலி மாத்திரையை எந்த வேளையில் போட்டால் விடியற்காலை வரை தாங்கும் என்று மருத்துவரிடம் கேட்டு நேரத்தை மாற்றியமைக்கலாம். குதிகால் மேல் போர்வை அழுத்தாதபடி படுப்பது, முழங்கால்களுக்கு இடையே தலையணை வைப்பது போன்றவை சிலருக்கு உதவுகின்றன. நோயைவிட, "பார்த்தால் நல்லாத்தானே இருக்கே" என்ற பேச்சே பலரை அதிகம் களைப்படையச் செய்கிறது. சொரியாசிஸோடு மனச்சோர்வு சேர்ந்து வருவது மருத்துவ உலகம் நன்கு அறிந்த ஒன்று. அதை வலுவின்மை என்று நினைத்து மறைக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் டெலி-மானஸ் உதவி எண்ணான 14416-ஐ இரவிலும் அழைத்துத் தமிழில் பேசலாம்.

காத்திருக்கக் கூடாத தருணங்கள்

மூன்று மாதம் பொறுங்கள் என்ற சொல்லுக்கு விதிவிலக்குகள் உண்டு. காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து கொதித்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றே பார்க்க வேண்டும். கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால், அதை மெட்ராஸ் ஐ என்று நினைத்துச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் கண் மருத்துவரிடம் ஓட வேண்டும். இந்த நோய் கண்ணுக்குள்ளும் அழற்சியை உண்டாக்கும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்களுக்கு வாய்ப்புண், விடாத வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு, காரணமில்லாத காயத்தடம் ஆகியவையும், வலி மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தார் போன்ற கருமலமும் உடனடி எச்சரிக்கைகள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இன்னொரு சிக்கல் சேரும். காய்ச்சலோடு மூட்டெல்லாம் வலித்தால் அது சிக்குன்குனியாவாகவோ டெங்குவாகவோ இருக்கலாம். டெங்கு இல்லை என்று தெரியும் வரை வலி மாத்திரையை நிறுத்திவைத்து, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் எடுப்பதே பாதுகாப்பு. அந்த வாரம் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடலாமா என்பதையும் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நோட்டுப் புத்தகம்

காத்திருப்பின் முடிவில் மருத்துவர் "எப்படி இருக்கிறது?" என்று கேட்கும்போது, அன்று காலை எப்படி இருந்ததோ அதையே பெரும்பாலோர் பதிலாகச் சொல்கிறார்கள். மூன்று மாதத்துக்கான தீர்ப்பு அந்த ஒரு காலையைப் பொறுத்து அமைந்துவிடுகிறது. அதனால் வாரம் ஒரு நாள், ஒரே கிழமையில், நான்கு விஷயங்களை எழுதிவைப்பது போதும்: காலை விறைப்பு எத்தனை நிமிடம், வீங்கிய மூட்டுகள் எவை, வலி பத்துக்கு எத்தனை, அந்த வாரம் போட்ட வலி மாத்திரைகள் எத்தனை. தினமும் எழுதினால் ஏற்ற இறக்கத்தில் குழம்பிப்போவோம். விறைப்பு நிமிடங்களும் வலி மாத்திரையின் எண்ணிக்கையும்தான் வலியின் மதிப்பெண்ணைவிட முன்னதாகக் குறையத் தொடங்குகின்றன என்பது அண்ணியின் நோட்டில் நான் கண்டது. தொடக்கத்தில் அடிக்கடியும் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும் எடுக்கச் சொல்லும் ரத்தப் பரிசோதனை முடிவுகளை அதே நோட்டில் ஒட்டிவைத்தால் தேடும் வேலை மிச்சம்.

மூன்று மாதங்களில் போதிய முன்னேற்றம் இல்லையென்றால் அளவைக் கூட்டுவது, மருந்தை மாற்றுவது, இன்னொன்றைச் சேர்ப்பது என்று யோசிப்பதே இன்றைய மருத்துவ நடைமுறை; ஆண்டுக்கணக்கில் அதே சீட்டைத் தொடர்வது அல்ல. பொறுமை என்பது தேதி குறித்த பொறுமையாக இருக்க வேண்டும். செலவைப் பற்றித் தயங்காமல் பேசுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் மூட்டுவாத நோய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது. உயிரிமருந்து ஊசி தேவைப்பட்டால், காப்பீட்டில் எது அடங்கும், அதே மருந்தின் விலை குறைந்த நிகர்வடிவம் எது என்பதையெல்லாம் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

அண்ணியின் நோட்டில் முதல் வாரம் காலை விறைப்பு 90 நிமிடம் என்றிருக்கிறது. ஏழாவது வாரம் 70. பதினோராவது வாரம் 35. அந்த வாரம் வலி மாத்திரை இரண்டே இரண்டு. மோதிர விரல் பாதி மடங்குகிறது, காபி டபராவை ஒரு கையால் ஆற்றுகிறார். குதிகால் மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. மெத்தோட்ரெக்சேட் விரல் மூட்டுகளுக்குக் கேட்கும் அளவுக்குக் குதிகால் தசைநாணுக்கும் முதுகெலும்புக்கும் கேட்பதில்லை என்று மருத்துவர் விளக்கி, அடுத்த கட்டமாக உயிரிமருந்து ஊசியைத் தொடங்கலாமா என்று யோசித்து, அதற்கு முன்பாகப் பார்க்க வேண்டிய காசநோய்ப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான ரத்தப் பரிசோதனை ஆகியவற்றை எழுதிக்கொடுத்திருக்கிறார். சென்ற சனிக்கிழமை அண்ணி நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மேலே "குதிகால்" என்று எழுதித் தேதி போட்டிருக்கிறார்.